தங்கை பிரித்துவிட்ட மடிப்பு

என் தங்கை துணிப்பையோடு வந்து நின்றபோது உள்ளே மரச்சீனிக் கிழங்கு இருக்கும் என்றுதான் நினைத்தேன். தின்பண்டமும் இல்லை, கிழங்கும் இல்லை. ஒரு பள்ளிப் பாவாடையை எடுத்துக் கட்டிலில் விரித்தாள்.

"அவளுக்கு இறக்கம் பத்தல்லக்கா. துணி நல்லாத்தான் இருக்கு, களையண்டாம். உனக்க பிள்ளைக்கு ஆவும்" என்றாள்.

அக்காள் தங்கைக்குள் பழந்துணி கைமாறுவதில் என்ன வந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். என் மகள் மூத்தவள். தங்கை மகள் ஒரு வயது இளையவள். இருவருக்கும் ஒரே பள்ளி. எங்கள் குடும்பத்தில் உடுப்பு மூத்ததிடமிருந்து இளையதற்குத்தான் போகும். என் மகளுக்குச் சிறிதானதையெல்லாம் தங்கை வீட்டுக்குத் தேய்த்து மடித்துக் கொடுத்து, கொடுத்தோம் என்ற பெருமையையும் நான் அனுபவித்திருக்கிறேன். அது திரும்பி வந்தது அன்றுதான். எனக்கு வயிறு எரிந்தது.

கொஞ்ச காலமாகவே என்னிடமிருந்து துணி போகவில்லை. கொடுக்க மனமில்லாமல் அல்ல. என் மகளுக்கு எதுவும் சிறிதாகவே இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சபையில் பாட்டுப் பாடப் பிள்ளைகளை உயரப்படி நிறுத்தினார்கள். தங்கை மகள் பின்வரிசையில் பெரிய பிள்ளைகளோடு நின்றாள். என் மகள் முன்வரிசையில், பல் விழுந்த பொடிசுகளுக்கு நடுவில். அன்று என்ன பாடினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பள்ளிக்கு வந்த நர்சும் அவளை நிறுத்தி அளந்துவிட்டு, "வயசினொத்த வளர்ச்ச இல்லல்லோ" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டதிலிருந்து பிள்ளை தூங்கும்போது கணுக்காலைப் பிடித்துப் பார்ப்பேன். என் இரண்டு விரலுக்குள் அடங்கும்.

என் வீட்டுக்காரர் பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு ஆபீஸ் போகிறவர். வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டு, அதற்குள் வெண்ணெயும் ஜாமும் உண்டு. தங்கை வீட்டுக்காரர் விடியுமுன் பூவாரில் மீன் எடுத்து ஸ்கூட்டரில் கொண்டுபோய் விற்கிறவர். வளர வேண்டியது எந்த வீட்டுப் பிள்ளை, நீங்களே சொல்லுங்கள்.

"உனக்க பிள்ளைக்கு அப்படி என்னத்தடி குடுக்கிய?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"என்னத்த குடுக்க? மரச்சீனியும் சாளை மீன்கறியும் ஆக்கும். மத்தியானம் ஸ்கூல்ல சோறும் பயறும் தின்னும். முட்டை உண்டு, பாலும் உண்டு."

நான் நம்பவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே. ஏதோ சத்து மாவை ஒளித்து வைத்துக் கலக்கிக் கொடுக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. உப்பு எடுக்கிற சாக்கில் அவள் அடுக்களைத் தட்டில் இருந்த டப்பாக்களையெல்லாம் திறந்து பார்த்தேன். மிளகாய்ப் பொடி நெடி ஏறித் தும்மினதுதான் மிச்சம். வீடு திரும்பும் வழியில், விளம்பரத்தில் பிள்ளைகள் குதித்துக் குதித்து வளருகிற மாவில் பெரிய டப்பா ஒன்று வாங்கினேன். என் மகள் அதைக் குடிக்காமல் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருப்பாள்.

பள்ளிச் சோறு மட்டும் எனக்கு ஆகவில்லை. ஆபீஸ்காரர் வீட்டுப் பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் உட்காருவதா? சபையில் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? டிபன் டப்பாவில் ரொட்டியும் ஜாமும், சில நாள் பேக்கரி பஃப்ஸும் வைத்து அனுப்புவேன். பாதி திரும்பி வரும். நாகரிகமான பிள்ளை, கொஞ்சமாகத்தான் சாப்பிடும் என்று அதற்கும் பெருமைப்பட்டேன்.

தங்கை போனதும் பாவாடையைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கம் பள்ளிப் பாவாடையை நீளமாக வெட்டி, அடியில் மடித்து மடித்துத் தைப்போம். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவோம். பிரித்த இடத்தில் வெளுத்த கோடு விழும். அந்தப் பாவாடையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள் இருந்தன. என் மகளின் பாவாடையில் மடிப்பெல்லாம் தைத்தது தைத்தபடி, நூல்கூட வெளுக்காமல் இருந்தது. அந்த இரண்டு கோடுகளையும் நான் பார்த்த பார்வைக்குத் துணி பொசுங்கியிருக்க வேண்டும்.

என் மகளுக்கு உடுத்திப் பார்த்தேன். முழங்காலுக்கு நன்றாகக் கீழே தொங்கியது. ஊசியை எடுத்து, தங்கை பிரித்துவிட்ட மடிப்பு இரண்டையும் திரும்ப மடித்துத் தைத்தேன். இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டேன்.

மகளுக்கோ ஒரே குஷி. கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, பாவாடை தந்ததுபோல அவளுக்க தட்டும் தருவாளா?" என்று கேட்டாள்.

"தட்டு எதுக்கு?"

"எனக்கும் வராந்தாவில இருந்து தின்னணும். எல்லாரும் அங்கதான் இருக்கு. நான் கிளாசில தனிய இருந்து தின்னா ரொட்டி எறங்கமாட்டுக்கு."

மறுநாள் அவள் பையில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தேன். புதுத் தட்டு. தங்கை வீட்டிலிருந்து தட்டும் வாங்குகிற அளவுக்கு நான் இறங்கிவிடவில்லை. எனக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். தங்கை பிள்ளை தின்பதை என் பிள்ளையும் தின்னட்டும் என்ற பொறாமைதான் தட்டை எடுத்து வைத்தது. மாலையில் தட்டு கழுவி வந்தது. கொஞ்ச நாளில் மகளே அடுக்களைக்கு வந்து, "சாளை இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அடுத்த மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலையில் பாவாடை முழங்காலுக்கு மேலே நின்றது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அவள் அழ அழ, நிற்க வைத்தே ஒரு மடிப்பைப் பிரித்தேன். சாயங்காலம் அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன்.

"பாத்தியா, ஒரு மடிப்பு விட்டாச்சு" என்றேன்.

தங்கை குனிந்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் துளியும் கள்ளமில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பிள்ளையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"கொள்ளாம் மக்கா, வளந்துட்டியே! நீ வருவேண்ணு அடுத்த பாவாடையும் எடுத்து வச்சிருக்கேன்."

உள்ளே போய் எடுத்து வந்தாள். அதில் மூன்று கோடுகள் இருந்தன.