மூன்றாவது தடத்தின் கோடு

நம்பினால் நம்புங்கள், இது எனக்கு நடந்தது. கதை கட்டும் சாமர்த்தியம் எனக்கில்லை. ஒரு லீவு லெட்டர் எழுதவே நாலு தாள் கிழிப்பவன் நான்.

கடல் தேசியப் பூங்காவில் காவலர் வேலை. சுற்றிலும் பவளப்பாறை, நடுவில் குட்டித் தீவு, ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பேர். கூட்டாளி காய்ச்சலோடு கரைக்குப் போய்விட்டான். பதினோரு நாள் நான் தனி. பேச ஆளில்லாமல் நண்டுகளிடம் பேச ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் அழுதும்விட்டேன், மறைப்பானேன்.

விடியுமுன் கடற்கரையில் நடந்து, முட்டையிட ஏறிய ஆமைகளின் தடங்களை எண்ண வேண்டும். எண்ணிய தடத்தின் குறுக்கே கம்பால் ஒரு கோடு போடுவோம். திரும்பும்போது அதையே மறுபடி எண்ணிவிடக் கூடாதல்லவா?

அன்று 4.40க்குக் கிளம்பினேன். கடல் வற்றிக் கிடந்தது. டார்ச் அடித்தால் சிதறி ஓடும் நண்டுகள் ஒன்றுகூட வெளியே இல்லை. முதல் தடத்துக்குக் கோடு போட்டேன். இரண்டாவதற்கும் போட்டேன். மூன்றாவதில்... கோடு ஏற்கெனவே இருந்தது. அதன் விளிம்பில் மணல் இன்னும் சரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காலடி இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. யாரோ வந்திருக்கிறார்கள்!

“டேய், நீயா?”

முன்னால் இருட்டில்... சரக். கம்பு மணலைக் கீறும் சத்தம்.

ஓடினேன். நான்காவது தடத்தில் கோடு. ஐந்தாவதிலும் கோடு. தீவின் முனையில் கடலுக்குள் நீளும் மணல்திட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே ஆமைத் தடமே இல்லை. வெறும் கோடுகள்.

சரக்... சரக்...

5.12. இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. கூட்டாளியின் குரல்.

“காய்ச்சல் விட்டுடுச்சுடா. ஆறு மணி படகுல வர்றேன்.”

“நீ... இங்க இல்லையா?”

“விளையாடாத. கரையிலதான் இருக்கேன்.”

குனிந்து பார்த்தேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது.

திரும்பி ஓடினேன்.

கரையேறி டார்ச் அடித்தேன்.

மணலில் நான் வந்த காலடிகள்...

அவற்றின் குறுக்கே ஒரு கோடு.

அன்றே அலுவலகத்துக்குப் போய் மாற்றல் கேட்டேன். நடந்ததைச் சொன்னதும் குமாஸ்தா மேசை இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்த ஒரு நோட்டை என் முன் வைத்தார். ஆறு வருஷத்துக்கு முன் அதே தீவில் தனியாக இருந்து, ஒரு விடியலில் காணாமல் போன காவலருடையதாம். மணல்திட்டில் கிடைத்ததாம்.

கடைசிப் பக்கத்தில் நேரம் 4.55 என்றிருந்தது. அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தார்:

“மூன்றாவது தடத்தில் யாரோ கோடு போட்டிருக்கிறார்கள். அப்பாடா, துணைக்கு ஆள் வந்தாச்சு.”