தனலக்ஷ்மிக்கு ஏற்ற வெளிச்சம்

ஈஜிபுராவில் ராமலிங்கம் குடியிருக்கும் கீழ்த்தள வீட்டுக்குள் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். பக்கத்துக் கட்டடம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கோலார் தங்கவயலில் இருபத்தாறு வருஷம் பூமிக்கு அடியில் வேலை பார்த்த மனுஷனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? கஷ்டம் அவர் மனைவி தனலக்ஷ்மிக்குத்தான். அறுபத்தெட்டு வயது. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, பார்வையும் மங்கல். போன மாதம் கழிவறைக்குப் போகிற வழியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

மகள் உதயா கறாராகச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருவாளாம். அம்மா இப்படியே தடுமாறினால் முதியோர் இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லையாம். தனலக்ஷ்மி இல்லாத வீட்டில் ராமலிங்கம் என்ன செய்வார்?

வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதானே என்று நினைத்தார். கடையில் இருந்ததிலேயே பளிச்சென்ற வெள்ளை பல்பாகப் பார்த்து வாங்கி மாட்டினார். வழவழப்பான டைல்ஸ் தரை பளபளத்தது. தனலக்ஷ்மி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தரையெல்லாம் தண்ணீர் நிற்கிறதாம், இறங்க மாட்டாளாம். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? இன்னொரு வெள்ளை பல்பை மாட்டினார். படுக்கை நனைந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலையில் நெற்றியில் கட்டும் டார்ச் ஒன்றை வாங்கி வந்தார். சுரங்கத்தில் சோறு போட்ட வெளிச்சம், கைவிடாது என்று நம்பினார். பல்புகளை அணைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து நடத்தினார். இரண்டடி வைத்தவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முகம் எங்கே தெரிந்தது? கண்ணைக் குத்தும் வெளிச்சம்தான் தெரிந்தது. அவரைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் சுருண்டு, திருடன் திருடன் என்று அலறினாள்.

சத்தம் கேட்டு மாடியில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியன் ஃபிராங்க்ளின் ஓடி வந்தார். அவருடைய அப்பாவும் அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

“மாமா, சுரங்கத்துக்குள்ள ஒருத்தர்கிட்ட பேசணும்னா தலைய ஒரு பக்கமா திருப்பிக்குவோம், லைட்டு அவர் கண்ணுல அடிக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்வாரு. அத்தைக்கு மட்டும் அடிக்கலாமா?”

ராமலிங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது. முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் காட்டிய மரியாதையைப் பெண்டாட்டிக்குக் காட்டவில்லையே என்று, டார்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். பாழாய்ப்போன வெளிச்சத்தால்தானே அவளுக்கு என் முகம் தெரியவில்லை என்று அப்புறம் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஃபிராங்க்ளின் அன்றைக்கு வேறு வேலைக்குப் போகவில்லை. மஞ்சள் விளக்கு ஒன்றை மூடி போட்டுச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். கட்டிலிலிருந்து கழிவறை வரை முழங்கால் உயரத்தில் சின்னச் சின்ன விளக்குகள் வைத்தார். தரையில் பளபளப்பில்லாத விரிப்பை ஓரம் தூக்காமல் ஒட்டினார். ராமலிங்கம் கூடமாட நின்று உதவினார்.

ஞாயிற்றுக்கிழமை உதயா பார்த்துக்கொண்டிருக்கும்போதே தனலக்ஷ்மி கட்டிலைவிட்டு இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் கழிவறைக்குப் போனாள். அம்மா இங்கேயே இருக்கட்டும்பா என்றாள் உதயா. ராமலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திரும்பி வந்த தனலக்ஷ்மி அவர் எதிரில் நின்றாள். இப்போது கண் கூசவில்லை, முகம் நன்றாகவே தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

“பெரியவரு பாவம், நேத்துலேர்ந்து வேலை செய்யறாரு. அவங்க வூட்டுல தேடுவாங்க, அனுப்பிடும்மா.”

உதயா வாயைப் பொத்திக்கொண்டாள். ராமலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு தனலக்ஷ்மியிடம் கேட்டார்.

“எனக்குப் போறதுக்கு வேற எடமில்லம்மா. இங்கயே இருந்துக்கட்டுமா?”

தனலக்ஷ்மி கொஞ்சம் யோசித்தாள்.

“எங்க வூட்டுக்காரர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்” என்று அவருக்கு நாற்காலியைக் காட்டினாள்.