அழுக்கேறிய கடைசிப் பக்கங்கள்

1. எடுக்கக் கூடாத புத்தகங்கள்

கல்லூரித் தாளாளர் ரெஃபரன்ஸ் அறைக்குள் வந்தபோது அவர் கையில் நான் எழுதிக் கொடுத்த நூலக அறிக்கை இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏம்மா, இந்த ரூம்ல இருக்கற புக்க இந்த வருசம் ஒருத்தருகூட எடுக்கலன்னு போட்டிருக்க?”

“எடுக்கக் கூடாதுங்க சார். ரெஃபரன்ஸ் புக்க வெளிய குடுக்கறதில்லீங்க. இங்கயே ஒக்காந்து படிப்பாங்க.”

“படிச்சாங்கன்னு எத வச்சு சொல்ற?”

“நான் தெனமும் பாக்கறேங்க சார்.”

“நீ பாத்தத நான் எப்படிம்மா பாக்கறது?”



எங்களுடையது பாலக்கோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு சுயநிதிக் கல்லூரி. தாளாளர் குடும்பத்துக்குத் தக்காளி மண்டியும் உண்டு. எந்தப் பேச்சும் கடைசியில் மண்டிக்கு வந்து நிற்கும். “போவாத சரக்குக்கு எடம் குடுத்தா, வர்ற சரக்க எங்க எறக்கறது?” என்றார். அந்த அறையை ஸ்மார்ட் கிளாஸ் ஆக்கப்போவதாகவும், பொங்கல் லீவுக்குள் புத்தகங்களைக் கட்டி ஸ்டோர் ரூமில் போட வேண்டும் என்றும் சொன்னார். போகும்போது கீழ்த்தட்டில் இருந்த பள்ளிப் பாடப்புத்தகங்கள் கண்ணில் பட்டுவிட்டன.

“இது என்னம்மா, பிளஸ் டூ புக்கு? மொதல்ல இத எடு. தரம் பாக்க டீம் வந்தா சிரிச்சுட்டுப் போவாங்க.”

அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காக நான் கேட்டு வாங்கிச் சேர்த்தவை அவை.

என் அப்பா கரும்பு வெட்டப் போனவர். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நூலகர் என்ற பலகைக்குக் கீழே என் பெயரை வைத்த அன்று அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. அதனால் அன்று எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆனால் கோபத்தை அறிக்கையில் எழுத முடியாது. அந்த அறை போனால், விலை கொடுத்துப் புத்தகம் வாங்க முடியாத பிள்ளைகளுக்குப் படிக்க வேறு மேசை இல்லை. அவர்கள் படிக்கிறார்கள் என்பதைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

2. கட்டிவைத்தபோது

மறுநாள் அட்டெண்டர் மாதம்மாள் அக்காவும் நானும் கீழ்த்தட்டிலிருந்து ஆரம்பித்தோம். அவர் துடைத்துக் கொடுப்பார், நான் சணல் போட்டுக் கட்டுவேன். இயற்பியல் புத்தகம் ஒன்றைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு அவர் சலித்துக்கொண்டார்.

“இதுல தூசியே இல்லீங்க மேடம், அழுக்குதான் இருக்குது. தொடச்சா போவுமா?”

“இருக்கட்டும்க்கா, அப்படியே குடுங்க.”

“சோத்துக் கையிலயே பொரட்டியிருக்குதுங்க.”

வாங்கிப் பார்த்தேன். தமிழ்வழிப் பிளஸ் டூ இயற்பியல். மூடியபடி வைத்துப் பக்கங்களின் வெளி ஓரத்தைப் பார்த்தால் ஏறக்குறைய முழுதும் வெளுப்பாக இருந்தது. கடைசியில் மட்டும் சணல் கனத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. அந்த இடத்தில் பிரித்தேன். கலைச்சொற்கள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே தமிழ்ச் சொல்.

வேதியியலையும் கணக்கையும் எடுத்தேன். அவற்றிலும் அழுக்கு கடைசிப் பக்கங்களில்தான். வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பாடத்தைத்தான் புரட்டுவார்கள், சொல் பட்டியலை இப்படித் தேய்க்க மாட்டார்கள். வேறு யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

கட்டியதை அவிழ்த்தேன். “கட்டறதுக்கு ஒருநாளு, அவுக்கறதுக்கு ஒருநாளு. நல்ல வேலதான் போங்க,” என்று மாதம்மாள் அக்கா டீ குடிக்கப் போனார்.

3. இனர்ஷியா

புத்தகத்தை இயற்பியல் துறைத் தலைவர் செல்வராஜ் சாரிடம் கொண்டுபோனேன். ஓரத்தைக் கட்டை விரலால் நிரடிப் பார்த்தார்.

“அழுக்க வச்சு முடிவு பண்ணலாங்களா மேடம்? ஒரே ஆளு நூறு தடவ தொட்டாலும் இப்படித்தான் ஆவும். புக்கு வரும்போதே பழசா இருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.”

நியாயமான கேள்வி. நானே கேட்டிருக்க வேண்டியது. யார் தொடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள் என்றார். அந்த வாரம் முழுக்க என் நாற்காலியை ரெஃபரன்ஸ் அறையில் போட்டுக்கொண்டேன். முதலாண்டு மாணவர்கள் மாற்றி மாற்றி வந்தார்கள். வகுப்பு நோட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கீழ்த்தட்டுக்குக் குனிந்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் உட்காரவில்லை. உட்காராததால்தான் இத்தனை நாளும் அவர்கள் என் கண்ணில் படவில்லை.

பொம்மிடியிலிருந்து வரும் ரேவதியை நிறுத்திக் கேட்டேன்.

“பாடம் புரியலையா கண்ணு?”

“பாடம் புரியுதுங்க மேடம். பேருதான் புரியல.”

“எந்தப் பேரு?”

“நிலைமம்னா எனக்கு நல்லா தெரியுங்க. ஸ்கூல்ல அதுல முழு மார்க்கு. இங்க வந்தா அதையே சாரு இனர்ஷியா இனர்ஷியான்னு சொல்றாரு. நான் யாரோ சயின்டிஸ்ட் பேருன்னு நெனச்சுக்கினு இருந்தேன்.”

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு, “டெஸ்ட்ல அதுக்குத்தான் சைபர் போட்டாருங்க,” என்றாள்.

இதைச் சொன்னபோது செல்வராஜ் சார் சிரிக்கவில்லை. “நானும் தமிழ் மீடியந்தான் மேடம். எப்ப மறந்தேன்னு தெரியல,” என்றார்.

4. தாளாளர் அறையில்

நாங்கள் இருவரும் புத்தகத்தோடு தாளாளரைப் பார்க்கப் போனோம். அவர் அதை வாங்கி, ஓரத்தைத் தடவி, பிரித்து, மூடி, மறுபடி தடவினார். சரக்குப் பார்த்துப் பழகிய கை.

“கை பட்ட எடந்தான். சரி. இதனால காலேஜுக்கு என்ன?”

இந்தக் கேள்வியைத்தான் இளம் நூலகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தால் மாணவருக்கு என்ன பயன் என்று சொல்ல நமக்குத் தெரியும். கல்லூரிக்கு என்ன என்று கேட்டால் திணறுவோம். அன்று நான் திணறவில்லை.

“மொத செமஸ்டர்ல ஃபெயிலானதும் பசங்க நின்னுடறாங்கல்லங்க சார். ஓசூர் கம்பெனி வேலைக்கு பஸ் ஏறிடறாங்க. ஏன்னு நமக்குத் தெரியாம இருந்துச்சு. இந்தப் பக்கம் சொல்லுது. பாடம் வராம நிக்கல, இங்கிலீசுப் பேரு வராம நிக்கறாங்க.”

தாளாளர் செல்வராஜ் சாரைப் பார்த்தார். “ஆமாங்க. மேடம் சொல்றது சரிதான்,” என்றார் அவர். வாரம் ஒரு மணி நேரம் அந்த அறையிலேயே முதலாண்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, தமிழில் தெரிந்ததை ஆங்கிலப் பேரோடு சேர்த்துச் சொல்லித் தருவதாகவும், கூட நான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

“ஒரு வருசம் பாருங்க,” என்றார் தாளாளர். “ஆனா பழைய அழுக்கக் காட்டி ஏமாத்தக் கூடாது. புது புக்கு வாங்கி வை. அடுத்த பொங்கலுக்கு நான் வந்து பாப்பேன். இதே மாதிரி கறுத்திருந்தா ரூம் உன்னுது. வெள்ளையா இருந்துச்சுன்னா எனக்கு.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என்ன ஒப்புக்கொண்டேன் என்பது வகுப்பு தொடங்கிய பிறகுதான் உறைத்தது. பிள்ளைகள் பேர்களைக் கற்றுக்கொண்டால் யார் கடைசிப் பக்கத்தைத் தேடி வருவார்கள்? வகுப்பு நன்றாக நடக்க நடக்கப் புதுப் புத்தகம் வெளுப்பாகவே இருந்தது. வேலை பலிக்கிறது என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. அறையைக் காப்பாற்ற வேண்டுமானால் நானே உட்கார்ந்து தேய்க்க வேண்டியதுதான் என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன். தேய்க்கவில்லை.

5. அடுத்த பொங்கல்

தாளாளர் சொன்னபடி வந்தார். புதுப் புத்தகத்தை எடுத்தார். ஓரத்தில் லேசான ஒரு சாம்பல் கோடு, அவ்வளவுதான்.

“என்னம்மா, வெள்ளையா இருக்குது?”

“தேவ கொறஞ்சு போச்சுங்க சார். பேரெல்லாம் தெரிஞ்சுக்கிட்டாங்க.”

“நல்லா இருக்குதே கத. கறுத்திருந்தாலும் ரூம் வேணும்ங்கற, வெளுத்திருந்தாலும் வேணும்ங்கற.”

அவர் சொன்னதில் தப்பில்லை. வெறும் வெள்ளைப் பக்கத்தைக் காட்டி, இது வெற்றி என்று யாரையும் நம்பச் சொல்ல முடியாது. தேவை தீர்ந்த புத்தகமும் யாரும் தொடாத புத்தகமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் அந்தக் கைகள் அடுத்து எங்கே போயின என்று காட்ட வேண்டும். அந்த வருடம் நான் கற்றுக்கொண்டது இதுதான். இப்போதும் அறிக்கை எழுத உட்கார்ந்தால், எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதியதோடு நிறுத்த மாட்டேன். வந்தவர்கள் எதிலிருந்து எதற்குப் போனார்கள் என்றும் எழுதுவேன்.

மேல்தட்டிலிருந்து பட்டப்படிப்பு இயற்பியல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆங்கிலப் புத்தகம். வாங்கிய நாளிலிருந்து முதுகு மடங்காமல் இருந்தது. இப்போது அட்டை தளர்ந்திருந்தது. ஓரத்தில் முதல் பக்கத்திலிருந்தே கறுப்பு ஏறி, கால் பங்குவரை வந்து நின்றிருந்தது.

தாளாளர் பெருவிரலை அதன்மேல் ஓட்டினார். கறுப்பு முடிந்த இடத்தில் விரலும் நின்றது. அந்த இடத்தைப் பிரித்து, பக்கத்தில் நின்ற செல்வராஜ் சாரிடம் நீட்டினார்.

“மூணாவது யூனிட்டோட நின்னு போச்சேங்க. அதுக்கு மேல நீங்க நடத்தலியா?”

செல்வராஜ் சார் என்னைப் பார்த்தார்.

“நின்னு போவலீங்க சார்,” என்றேன். “அது வரைக்கும் வந்துட்டாங்க.”