பொன் வெளுக்கும் வீடு

காலை 10.30. மும்பை குர்லாவில் லோக்கல் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சயான். டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து தாராவிக்கு நடந்தேன். பெரியம்மா மகள் செல்வி அக்காவின் வீடு தொண்ணூறு அடி சாலை என்ற பெரிய தெருவுக்கு உள்ளே இருக்கிறது. "வீட்டுக்குள்ளயே தங்கச் சுரங்கம் வச்சிருக்கேன்" என்று அத்தான் போனில் சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் வேதியியலில். பார்க்காமல் விடுவேனா?

வாசலில் செருப்போடு தங்கத்தையும் கழற்ற வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

"மோதிரத்தக் கழத்துட்டி. பாதரசம் பட்டா வெளுத்துரும்" என்றாள் அக்கா. அவளுக்கு ஆறு மாதம். கழுத்தில் மஞ்சள் கயிறும் அதில் கட்டிய மஞ்சள் கிழங்கும்தான். பொன் தாலி பரணில் ஓர் ஆணியில் தொங்குகிறது.

11.15. நகைப் பட்டறைகளில் பெருக்கிய பொன்துகள் கலந்த தூசியை அத்தான் மூட்டையாக வாங்கி வருகிறார். சட்டியில் அலசி, பாதரசம் விட்டுக் கையால் பிசைகிறார். துணியில் பிழிந்ததும் பொன்னும் பாதரசமும் சேர்ந்த சாம்பல் நிற உருண்டை ஒன்று மிஞ்சுகிறது. ஆற்று மணலில் பொன் அரிப்பவர்கள் செய்வதும் இதைத்தான். உருண்டையை அடுப்பில் காய்ச்சினார். பாதரசம் ஆவியாகி, மிளகளவு பொன் மின்னியது. அழகுதான். குனிந்து பார்த்த பிறகே பின்னால் நகர வேண்டும் என்று தோன்றியது. அலசிய நீர் சாக்கடைக்குப் போயிற்று. ஆவி எங்கே போகும் என்றேன். ஜன்னலைக் காட்டினார்.

மாலை 5. மாட்டுங்காவில் கோயிலுக்குக் கிளம்பினோம். வெளியே போகும்போது மட்டும் அக்கா பொன் தாலி போடுவாள். அத்தான் பரணிலிருந்து எடுத்துத் தந்தார். அதன் ஒரு பக்கம் உப்புப் பூத்ததுபோல் வெளுத்திருந்தது.

வேலைக் கை படாத இடம் அது. காற்றுதான் பாதரசத்தைக் கொண்டுபோயிருக்க வேண்டும். மூச்சில் போனால் கருவையும் எட்டும் என்று சொன்னேன். லேசாகச் சூடு காட்டினால் நிறம் திரும்பிவிடும் என்றார் அத்தான்.

அக்கா தாலியைக் கையில் வாங்கவில்லை. "இதச் சூடு காட்டி மாத்திருவீய. வயித்துல உள்ளதுக்கு என்ன செய்வீய?"

கோயிலுக்குப் போகவில்லை. அன்றிரவே என்னோடு வர அவளுக்கும் ஊருக்கு டிக்கெட் பார்த்தோம்.

மூன்றாம் நாள், பகல் 1.40. ரயில் கல்யாணைத் தாண்டியதும் அக்காவுக்கு எதிர்வீட்டு சபீனாவின் நினைவு வந்தது. அவளுக்கு ஐந்து மாதம். தாராவியிலேயே பிறந்தவள், புறப்பட்டுப் போக வேறு ஊர் கிடையாது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டை எட்டுமுன் கலைந்துவிடும். தாராவியில் இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே கைநீளச் சந்துதான்.

அக்கா போன் போட்டாள். அத்தான் அடுப்பில் உருண்டை காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்.

"அத அணைங்க. சபீனா மாப்பிள்ளைட்டப் போய் எல்லாத்தயும் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மலைக் குகைப் பாதைகளில் ரயில் நுழைந்தபோது இணைப்பு இரண்டு முறை அறுந்தது. இரண்டு முறையும் அவளே மறுபடி கூப்பிட்டாள்.