குழலி வீட்டு எர்த் குழி

ஏலவார்குழலிக்குக் கொதிக்கிற பாத்திரங்கள் புதிதல்ல. பென்னலூர் பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு சமைத்தாள். உலை கொதிக்கிற அண்டாவின் காதுகளில் துணியைச் சுற்றி, உதவிக்கு இருந்த செங்கமலத்தோடு சேர்ந்து ஒரே மூச்சில் இறக்கிவிடுவாள். காஞ்சிபுரத்துப் பெண். அந்த ஊர் அம்மன் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள். பென்னலூரில் அதை முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் குழலி என்றே ஆகிவிட்டது.

அப்படிப்பட்டவளுக்குக் கால் வெந்துபோனது சத்துணவுக் கூடத்தில் அல்ல, சொந்த வீட்டில், ஒரு குண்டான் குளிக்கிற தண்ணீரில்.

1991ஆம் வருஷம், தை மாதம். கணவன் குமாரவேல் ஸ்ரீபெரும்புதூரில் இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தான். நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது முழங்கை வரை எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பச்சைத் தண்ணீருக்கு அது போகாது. வழக்கம்போல் குழலி ஸ்டவ்வில் தண்ணீர் காய்ச்சி, கொல்லையில் இருந்த குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பனியில் வாசற்படி வழுக்கியது. குண்டான் சாய்ந்து இடது தொடையிலிருந்து பாதம் வரை கொட்டிவிட்டது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றி அவள் பிற்பாடு அதிகம் பேசியதில்லை. பேசினால் செங்கமலத்தைப் பற்றித்தான் பேசுவாள். இரண்டு பேர் வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் கஞ்சியோடு அங்கே வந்தவள் அவள். குமாரவேல் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்திருந்தான். குழலி வீடு திரும்பியபோது குளியலறைக்கு வாசற்படியே இல்லை. கடப்பாரையால் இடித்து, தரையோடு தரையாக சிமென்ட் பூசி வைத்திருந்தான்.

புண் ஆறியது. பயம் ஆறவில்லை. கொதிக்கிற பாத்திரத்தின் பக்கம் போனாலே காலில் தோல் இழுத்தது. சத்துணவுக் கூடத்தில் அண்டாவைத் தொடக் கை வரவில்லை.

"நீ உப்பு, காரம் பாரு. தூக்கறதுக்கு நான் கீறேன்" என்றாள் செங்கமலம். எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, அவரும் அவளுமாகத் தினமும் அண்டாவை இறக்கினார்கள். குழலியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டிலும் குமாரவேல் வெந்நீர் கேட்பதை விட்டுவிட்டான். பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பல் தந்தியடிக்க வெளியே வருவான்.

ஆனி மாதத்தில் அவளுடைய அண்ணன் ஜெகதீஷ் மெட்ராஸிலிருந்து வந்தான். அங்கே ஒரு லாட்ஜில் அவனுக்கு வேலை. ஓர் அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருந்தான். பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று, சின்னக் குடம் அளவுக்கு ஒரு ஹீட்டர்.

"எங்க லாட்ஜுல ரூம் ரூமுக்கு இதான் மாட்டிக்கீறாங்க. பச்சத் தண்ணி ஒரு பக்கம் உள்ள போவும், மறுபக்கம் சுடுதண்ணியா வரும். இனிமே நீ எதையும் தூக்க வேணாம்மா" என்றான். அவன் கேட்காமலே அவனுக்குப் பிடித்த வத்தக் குழம்பை அன்று குழலி வைத்தாள்.

குமாரவேலுக்கு அன்றைக்கே அதில் குளித்துவிட வேண்டும். குளியலறைக்கு மேலே ஏற்கெனவே சிமென்ட் தொட்டி கட்டியிருந்தான். பைப்பும் தயார். பல்பு எரிகிற பாயிண்டிலிருந்து ஒயர் இழுத்தால் போதும் என்று நினைத்தான். நல்லவேளையாக, ஒயர் வாங்கப் போன இடத்தில் அவனுடைய கம்பெனி மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் சாம்சனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டான். சாம்சன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

சாம்சன் பருத்த ஆள். ஓயாமல் பேசுவார். உள்ளே வந்ததும் ஹீட்டரைப் பார்க்கவில்லை, மீட்டர் பலகையைப் பார்த்தார். பிறகு பல்பு பாயிண்டின் ஒயரை விரலால் நசுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா தங்கச்சி, உங்க வூட்டுக்காரரு வூட்டையே கொளுத்தப் பாக்கறாரே. இந்த ஹீட்டர் போட்டா, அறுவது வாட் குண்டு பல்பு அம்பது ஒண்ணா எரியற மாதிரி. அத்தினி கரண்ட இந்த நூலு தாங்குமா? மீட்டர்லேர்ந்து தனியா தடிச்ச ஒயர் வரணும். சுவிட்ச் குளிக்கற ரூமுக்கு வெளிய இருக்கணும். ஈரக் கையோட யாரும் தொடக் கூடாது. கரண்டாபீஸ்ல ஒரு வார்த்த சொல்லிடணும். எல்லாத்துக்கும் மேல எர்த், ஒழுவற கரண்ட பூமிக்குள்ள எறக்கற ஒயர். உங்க வூட்டுல எர்த்தே இல்ல."

"எர்த் இல்லாமத்தான இத்தினி நாளா லைட்டு எரியுது" என்றான் குமாரவேல்.

"லைட்டு எரியும்பா. நீ எரியக் கூடாதுல்ல?"

ஹீட்டர் கட்டிலுக்கடியில் போயிற்று. சாம்சன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்பார், ஓவர்டைம் வேலை வந்துவிடும். ஒருவழியாக ஒரு ஞாயிறு வந்தார். கடப்பாரையோடு வந்து குளியலறைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரமாகக் குழி தோண்டினார். இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். மெயினிலிருந்து ஒரு ஒயரும் குழாயிலிருந்து ஒரு ஒயருமாக எடுத்து, யாரையும் கிட்டே வரவிடாமல், நடுவில் பெரிய பல்பு ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அது அழுதுவடிந்தது.

"பத்தாது. பூமி இன்னும் நல்லா வாங்கணும். பல்பு பளிச்சுனு எரியணும்" என்று குழியை மூடாமலே போய்விட்டார்.

மறுவாரம் இன்னும் ஆழமாகவும் அகலமாகவும் தோண்டினார். அதில் குழலியின் கனகாம்பரச் செடிகள் வேரோடு போயின. அவளுக்குக் கோபம் தாங்கவில்லை. "ஏண்ணா, ஹீட்டர் மாட்ட வந்தீங்களா, கெணறு வெட்ட வந்தீங்களா? ஊர் உலகத்துல எல்லாரும் இப்பிடியா மாட்டறாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

சாம்சன் பல்பைப் போட்டார். பட்டப்பகலில் கண் கூசுகிற மாதிரி எரிந்தது. "செடி மறுபடி மொளைக்கும் தங்கச்சி" என்றார்.

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. தண்ணீர் தெறிக்காத உயரத்தில் ஹீட்டரை மாட்டினார். அதன் உடம்பிலிருந்து பச்சை ஒயர் ஒன்று எர்த் குழிக்குப் போயிற்று. மீட்டர் பலகையில், நெம்புகோல் வைத்த கறுப்புப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார்.

"இது லீக்கேஜ் பிரேக்கர். வூட்டுக்குள்ள போற கரண்டு எவ்ளோவோ, அவ்ளோ திரும்பி வரணும். கொஞ்சம் கொறஞ்சாலும் எங்கியோ ஒழுவுதுன்னு அர்த்தம். அடுத்த செகண்டு இது தானா விழுந்துடும். விழுந்தா எனக்கு ஆள் அனுப்புங்க, நீங்களா கை வைக்காதீங்க. மொதல்ல தண்ணியத் தொறக்கணும், அப்புறந்தான் சுவிட்ச். சுடுதண்ணி வர பைப்புல எந்தக் காலத்துலயும் டேப் போடக் கூடாது. ஆவிக்குப் போக வழியில்லன்னா டப்பாவே வெடிச்சுடும். பக்கெட்டு ரொம்பினதும் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுக் குளிங்க."

சுவிட்சைப் போட்டார்கள். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெதுவெதுப்பு, பிறகு ஆவி பறக்க வெந்நீர். குமாரவேல் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தான். அன்று இரவு ஷிப்ட் இல்லாதபோதும் இன்னொரு தடவை குளித்தான். குழலி தன் காலில் அந்தத் தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டாள். தோல் இழுக்கிறது குறைந்த மாதிரி இருந்தது. அண்ணனை நினைத்துக்கொண்டாள். சாம்சனிடம் கத்தியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

கார்த்திகை மாதம், நல்ல மழை. நைட் ஷிப்ட் முடிந்து குமாரவேல் நனைந்துகொண்டே வந்தான். குழலி ஹீட்டரைப் போட்டு, சூடு பார்க்க விழுகிற தண்ணீரில் கை வைத்தாள். டக் என்று ஒரு சத்தம். கூடத்தில் ரேடியோ நின்றது. கரண்ட் போய்விட்டதென்று நினைத்தாள். ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

குமாரவேல் பலகையைப் பார்த்தான். கறுப்புப் பெட்டியின் நெம்புகோல் கீழே விழுந்திருந்தது. ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு அதைத் தூக்கினான், நின்றது. ஹீட்டரைப் போட்டான், மறுபடி விழுந்தது.

"மழ ஈரத்துல இந்தப் பொட்டிதான் கெட்டுப் போச்சு. இத்தக் கழட்டி ரெண்டு ஒயரையும் நேரா முறுக்கி வுட்டா ஓடும். ஒரு பக்கெட் தண்ணிதான குழலி."

"வேணாம். சாம்சன் அண்ணன் வரட்டும்."

"அவரு வரதுக்குள்ள நான் வெரைச்சுப் போயிடுவேன்." அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க உள்ளே போனான். குளிரில் அவன் உடம்பு உதறியது.

குழலி சமையலறைக்குப் போய் ஸ்டவ்வைப் பற்ற வைத்து, குண்டானில் தண்ணீர் வைத்தாள். ஸ்க்ரூ டிரைவரோடு வந்தவன் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"அத்தக் கீழ வெய்ங்க. இதோ காஞ்சிடும்" என்றாள்.

தண்ணீர் கொதித்தது. "நான் தூக்கறேன்" என்று அவன் முன்னால் வந்தான். "நவுருங்க" என்றாள். துணியைச் சுற்றிப் பிடித்து, கொல்லை மழையில் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள். குளியலறை வாசலில் கால் தானாகத் தயங்கியது. அங்கே படி இல்லை. உள்ளே போய்க் குண்டானை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அந்தத் தை மாதத்துக்குப் பிறகு கொதிக்கிற பாத்திரத்தை அவள் தூக்கி நடந்தது அன்றுதான். ஸ்க்ரூ டிரைவர் கூடத்திலேயே கிடந்தது.

சாம்சனும் நைட் ஷிப்ட்தான் முடித்திருந்தார். சேதி கிடைத்ததும் தூங்காமல் யூனிபார்மோடு வந்தார். மெயினை அணைத்துவிட்டு ஹீட்டரைக் கழற்றினார். உள்ளே சுருள் கம்பி முழுக்க உப்பு, சுண்ணாம்பு மாதிரி தடிமனாகப் படிந்திருந்தது. பென்னலூர்த் தண்ணீர் அப்படி. உப்பைச் சுரண்டினார். கம்பியின் உறை ஓரிடத்தில் வெடித்திருந்தது.

சாம்சன் பேசாமல் இருந்ததை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

"இன்னாண்ணா?" என்றாள் குழலி.

"இதுவழியா கரண்டு தண்ணிக்குள்ள எறங்கியிருக்குது. தண்ணியில கை வச்சிருந்தியா?"

"வச்சிருந்தேன்."

"ஈரத் தரையில வெறுங்காலு." சாம்சன் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வந்த கரண்ட எர்த் இழுத்துகிச்சு. பிரேக்கர் விழுந்துருச்சு. அவ்ளோதான்."

பெட்டியைக் கழற்றி ஒயரை நேராக முறுக்க இருந்ததைக் குமாரவேலே சாம்சனிடம் சொன்னான். சாம்சன் அவனைத் திட்டவில்லை. ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்தார். புதுக் கம்பி வாங்கி மாட்டுகிறேன், இனிமேல் சில மாதத்துக்கு ஒரு தடவை உப்பை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சத்துணவுக் கூடத்தில் குழலி அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். செங்கமலம் மறு காதைப் பிடித்தாள். இறக்கி வைத்த பிறகு செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீக்கடைக்காரருக்கு லீவு குடுத்துடலாம்" என்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று குழலியும் குமாரவேலும் வல்லம் வடகாலில் சாம்சன் வீட்டுக்குப் போனார்கள். என்ன சொல்வது என்று குழலி பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தாள். நடந்த உதவிக்கு ஏதாவது சொல்லிவிடலாம். நடக்காமல் போனதற்கு என்ன சொல்ல? நன்றி என்பது மேடையில் பேசுகிற வார்த்தை. வீட்டு மனிதர்களிடம் அதை அவள் சொன்னதே இல்லை.

சாம்சன் வாய்ப்பே கொடுக்கவில்லை. மீனைப் பற்றியும் கம்பெனி சூப்பர்வைசரைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி ரத்னா இலை போட்டாள். குழம்பு ஊற்ற வந்தவள் குழலியின் பக்கம் குனிந்து சொன்னாள்:

"அன்னைக்கு உங்க வூட்டுலேர்ந்து வந்தாரு பாரு, தூங்கல, துன்னல. கடப்பாரய எடுத்துகினு எங்க வூட்டு எர்த்தத் தோண்ட ஆரம்பிச்சுட்டாரு. பாத்தா, குழாய் துருப்புடிச்சு பாதி இல்ல. ஊருக்கெல்லாம் சொல்றவரு வூட்டுல அந்தக் கதி. புதுசா போட்டாரு. உங்களாலதாம்மா எங்க வூடு பொழச்சுது."

"ரத்னா" என்று சாம்சன் அதட்டினார். முகம் சிவந்துவிட்டது. குமாரவேலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் சாம்சனும் சிரித்துவிட்டார்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது ரத்னா கேக்கைக் காகிதத்தில் பொதிந்து குழலி கையில் கொடுத்தாள். குழலி வாசலில் நின்று சாம்சனைப் பார்த்தாள்.

"நீங்கல்லாம் நல்லா இருக்கணும்ணா" என்றாள்.

"இருப்போம் தங்கச்சி. பஸ்ஸு வருது, ஓடுங்க" என்றார் சாம்சன்.