அழிக்காமல் கொடுத்த கணக்குப் புத்தகம்

மகள் இந்த வருடம் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். வீட்டிலேயே வைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன.

பழைய புத்தகக் கடை அண்ணாச்சி, எடைக்குத்தான் எடுப்பேன் என்றார். வீட்டுக்கல்வி வாட்ஸ்அப் குழுவில் விற்பனைக்கு என்று போட்டதும், சென்னைப் பெண் ஒருவர் நல்ல விலை சொன்னார். ஆனால் பென்சில் எழுத்தையெல்லாம் அழித்துத் தர வேண்டுமாம். சரி என்றேன்.

இன்று காலை அழிக்க உட்கார்ந்தபோது, அதே குழுவில் பார்த்துவிட்டு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறி ஒரு பெண் காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவருடைய மகளுக்குத் திக்குவாய். வகுப்பில் கேலி தாங்காமல் பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறாளாம்.

கணக்குப் புத்தகத்தைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். என் மகள் வகுத்தலைத் தப்பாகப் போட்டு, அடித்துவிட்டு, மறுபடியும் தப்பாகப் போட்ட பக்கம்.

"அசிங்கமா இருக்கு, அழிச்சுத் தாரேன்" என்றேன்.

"வேண்டாம்க்கா, அப்படியே தாங்க. தனக்கு மட்டுந்தான் எதுவும் வரலைன்னு எம்மவ அழுவுதா. இதைப் பார்க்கட்டும்."

ரப்பரைக் கீழே வைத்தேன். அண்ணாச்சி சொன்ன எடை விலைக்கே எல்லாவற்றையும் கொடுத்து, பையைத் தூக்கிக்கொண்டு போய் அவரை பஸ் ஏற்றிவிட்டும் வந்தேன்.

இப்போது சென்னைக்குப் பதில் எழுத வேண்டும். பேசி முடித்த பிறகு மனசு மாறிவிட்டது என்பதை மரியாதையாகச் சொல்வது எப்படி? அனுபவசாலிகள் சொல்லுங்களேன்.