மூணு நாள் காயணும்

திருவிடைமருதூர் தெற்கு வீதியில் உடைந்த பீங்கான் ஒட்டுகிறவர் இளையபெருமாள். விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடி, காது போன கப், எதைக் கொண்டுபோனாலும் இரண்டு ட்யூப் பசையைக் குழைத்து ஒட்டி, நூல் சுற்றிக் கட்டிவிட்டு, "மூணு நாள் காயணுங்க. நடுவுல ஒரு தடவ வந்து பாத்துக்கங்க" என்பார். வந்து பார்க்கிறவர்களுக்கு பெஞ்சைத் துடைத்துவிடுவார். குறுவை அறுப்பு, முழங்கால் வலி என்று பேச்சு எங்கெங்கோ போகும். மனைவி இறந்து ஆறு வருடம். மகள் குடும்பத்தோடு மஸ்கட்டில்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவன் வேறு; அச்சில் இருப்பதைத்தான் நம்புவேன். என் ஜாடியை ஒட்டக் கொடுத்த அன்று, அங்கே கிடந்த பசை ட்யூப் அட்டையை எடுத்துப் படித்துவிட்டேன்.

"ஒரு நாள் போதும்னு போட்டிருக்கே! எதுக்குய்யா ஜனங்கள மூணு நாள் அலைய விடுறீங்க?"

கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர் நிமிரவே இல்லை.

"நாளைக்கே வாங்கிக்கங்க சார்."

அதிலிருந்து எல்லோருக்கும் 'நாளைக்கு'தான். கொடுத்தார்கள், மறுநாள் வந்து வண்டியை அணைக்காமலே வாங்கிக்கொண்டு போனார்கள். ஊருக்கே நல்லது செய்துவிட்டதாக நான் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். இளையபெருமாள் காலி பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் வரவில்லை. தானே அதில் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது. வெட்கமாக இருந்தது. நானும் தனிக்கட்டைதான், எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து, நன்றாக இருந்த கப் ஒன்றை எடுத்துப் பாக்குவெட்டியால் ஒரு தட்டு தட்டினேன். காது தனியே வந்தது.

மறுநாள் அதை அவரிடம் கொடுத்தேன். உடைந்த இடத்தை விரலால் தடவினார்.

"கீழ விழுந்தா இப்படி உடையாதுங்களே சார்."

"தெரியும். காய எத்தன நாள் ஆகும்?"

துணியை எடுத்து பெஞ்சைத் துடைத்தார். பசை அட்டை பக்கத்தில்தான் கிடந்தது.

"ஒரு வாரம் ஆகுங்க."

"சரி, தினம் வந்து பாத்துக்கறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தேன்.